கூத்தனோடைக்காரர்கள் துளிர் கிள்ளிய கதை

திராட்சைக் கொடிக்குப் புத்தி கிடையாது. கவாத்து வெட்டி மொட்டையடித்து விட்டால், கொஞ்ச நாளிலேயே கணுவுக்குக் கணு துளிர்விட ஆரம்பித்துவிடும். எத்தனை துளிருக்குத் தன்னால் சோறு போட முடியும் என்று யோசிக்கவே யோசிக்காது. அத்தனையையும் விட்டுவைத்தால் பந்தல் முழுக்க இலை அடையும், பழம் வராது. அதனால் புத்தியுள்ள மனுசன் ஒருத்தன் பந்தலுக்கடியில் நின்று, வேண்டாத துளிர்களைக் கிள்ளி எடுக்க வேண்டும். இந்த வேலைக்குத்தான் கூத்தனோடையிலிருந்து நாலு பேர் வந்து சேர்ந்தார்கள்.

கூத்தனோடையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பம் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். ஊர்க்காரர்கள் தங்கமானவர்கள். பொய் சொல்ல மாட்டார்கள், திருட மாட்டார்கள், சொன்ன சொல்லைத் தட்ட மாட்டார்கள். அந்தக் கடைசிக் குணத்துக்குப் பயந்துதான் சுற்றுவட்டாரத்தில் யாரும் அவர்களிடம் வாயைத் திறப்பதில்லை. ஒரு தடவை பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள போ, உள்ள போ" என்று சத்தம் போட, கூத்தனோடைக்காரர் ஒருவர் உள்ளே போய்க்கொண்டே இருந்து, கடைசியில் டிரைவர் மடியில் உட்கார்ந்துவிட்டார். கண்டக்டர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாததால் கம்பம் வரைக்கும் அங்கேயே இருந்தார்.

சுருளியப்பன் அந்த ஊர்ப் பிள்ளை. ஒல்லியான ஆள். அவனுடைய தாய்மாமன் கருத்தக்கண்ணு பக்கத்து ஊரான சாமிக்குளத்தில் பெரிய கை. கையென்ன, ஆளே பெரிய ஆள்தான், கட்டிப்பிடிக்க ரெண்டு பேர் வேண்டும். கல்தூண் ஊன்றிக் கம்பி இழுத்த பன்னீர் திராட்சைத் தோட்டம் ஒன்று அவருக்கு இருந்தது. பவுனுத்தாய் என்று ஒரு மகளும் இருந்தாள். சுருளியப்பனுக்கு அவள் முறைப்பெண். அவளைக் கட்டவேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை.

அவளுக்கும் அவன்மேல் இஷ்டம் என்பதுதான் ஊருக்கே ஆச்சரியம். விஷயம் இதுதான். சித்திரைத் திருவிழாவில், "இங்கேயே நில்லுங்க மச்சான், வளையல் வாங்கிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், தோழிகளைப் பார்த்ததும் மறந்துபோய் வேறு வழியாக வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் மத்தியானம் அந்தப் பக்கம் போனால் ராட்டினத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்கள், கடைகளைக் காணோம், சுருளியப்பன் மட்டும் அதே இடத்தில் நிற்கிறான். ராத்திரி பெய்த மழையில் நனைந்த சட்டை அவன் உடம்பிலேயே காய்ந்திருந்தது. "வளையல் கெடைச்சுச்சா பவுனு?" என்று கேட்டான். கட்டினால் இவனைத்தான் கட்டுவது என்று அவள் அந்த நிமிசமே முடிவு பண்ணிவிட்டாள்.

கருத்தக்கண்ணுக்கு மனசு ஒப்பவில்லை. "ஒரு கொடியைப் பாத்துக்கத் துப்பு இருக்கா அவனுக்கு? அவன் எங்கிட்டுப் பொண்டாட்டியைப் பாக்குறது?" என்றார்.

"கொடியைக் குடுத்துப் பாருங்கப்பா" என்றாள் மகள்.

அவர் பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடைப்பயணம் கிளம்புகிற சமயம் அது. தோட்டத்தில் துளிர் வெடித்துக்கொண்டிருந்தது. சரியென்று சுருளியப்பனுக்கு ஆள் அனுப்பினார். அவன் தனியாக வரவில்லை, ஆளுக்கொரு சிறப்புள்ள மூன்று கூட்டாளிகளைக் கூட்டிக்கொண்டு வந்தான். மொக்கராசு எதையும் யோசித்துத்தான் செய்வான், யோசிக்க ஆரம்பித்தால் யாராவது வந்து நிறுத்த வேண்டும். ஒச்சு சினையெருமையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டியவன். எருமைக்கு நீச்சல் தெரியும் என்று அப்புறம்தான் அவனிடம் யாரோ சொன்னார்கள். தவசி ரொம்ப இளகின மனசுக்காரன், முள் குத்தினால் முள்ளுக்காக வருத்தப்படுவான்.

கருத்தக்கண்ணு காவி வேட்டியோடு பந்தலுக்கடியில் நின்று பாடம் சொன்னார்.

"இந்தா பாரு மாப்ளே. ஒரு குச்சியில அஞ்சாறு துளிர் நிக்கிதா? நல்லா கொழுத்த ரெண்டை விட்டுட்டு மிச்சத்தை எடுத்துரணும். கூட்டம் சேந்தா காத்து வராது, வெளிச்சம் வராது. நல்லா பாத்துட்டுக் கிள்ளு. நோகாமக் கிள்ளு, பச்சப்புள்ளை மாதிரி அது. கிள்ளுனதைத் தரையில போட்டுறாத, பூச்சி அண்டும். அந்தா, அந்த மூலைக்கல்லு மேல மட்டும் எவனும் சாஞ்சுறாதீங்கடா, பந்தல் பாரம் பூராம் அதுலதான் நிக்கிது. வெளங்குச்சா?"

"வெளங்குச்சு மாமா."

"என்ன வெளங்குச்சு, சொல்லு பாப்போம்."

சுருளியப்பன் ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னான். நடுவில் மாமா இருமியிருந்தார். அந்த இடம் வந்ததும் அவனும் இருமிவிட்டுத் தொடர்ந்தான்.

கருத்தக்கண்ணு அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நான் திரும்பி வர்றப்ப தோட்டம் தேறி நிக்கணும். நின்டுச்சுன்னா, வர்ற ஆவணியில இதே பந்தலுக்கடியில கல்யாணம். இல்லைன்னா பவுனு சின்னமனூர் உரக்கடைக்காரர் வீட்டுக்குத்தான் மருமக. அவங்க ரெண்டு தடவை கேட்டு விட்டுட்டாங்க."

சுருளியப்பன் தெம்பாகத் தலையாட்டினான்.

பவுனுத்தாயின் அம்மா, அத்தைக்காரி வெள்ளையம்மா தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். "இன்னொண்ணு மாப்ளே. எங்க வீட்டு வழக்கம் தெரியும்ல? பேச்சு ஆரம்பிச்சுட்டா, பந்தக்கால் நடுற வரைக்கும் நீ அவ மொகத்தைப் பாக்கக் கூடாது, அவ ஒன் மொகத்தைப் பாக்கக் கூடாது. சோறு மட்டும் கொண்டாந்து வேலியோரம் வச்சுட்டுப் போவா."

"பந்தக்கால் நடுற வரைக்கும்" என்று சுருளியப்பன் மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டான்.

வேலை ஆரம்பித்தது. முதல் குச்சியின் கீழ் நாலு பேரும் அண்ணாந்து நின்றார்கள். ஆறு துளிர் இருந்தன. எது கொழுத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

"எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு" என்றான் ஒச்சு.

"பாக்க அப்படித்தான் இருக்கும். ஊர்ல மல்யுத்தம் நடக்குறப்ப, ஆளைப் பாத்தா ஜெயிச்சவன்னு சொல்றோம்? கீழ விழாதவனைத்தான் ஜெயிச்சவன்னு சொல்றோம்" என்றான் மொக்கராசு. "ஊதிப் பாப்போம். எது ஆடாம நிக்கிதோ அதான் கொழுத்தது."

நாலு பேரும் கன்னத்தை உப்பிக்கொண்டு ஊதினார்கள். ஆறு துளிரும் ஆடின. இன்னும் பலமாக ஊதினார்கள். அப்போதும் ஆறும் ஆடின. கொஞ்ச நேரத்தில் தவசிக்குத் தலை சுற்றி, துளிரெல்லாம் பன்னிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. "அண்ணே, நாம ஊத ஊத இது பெருகுதுண்ணே" என்று அவன் பயந்துபோய்ச் சொன்னதால் ஊதுவதை நிறுத்தினார்கள்.

மத்தியானம் பவுனுத்தாய் சோற்றுத் தூக்கோடு வந்து, வேலியோரம் வைத்துவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். "வேலை எப்படிப் போகுது மச்சான்?"

சுருளியப்பனும் முதுகைத் திருப்பிக்கொண்டான். "நல்லா போகுது பவுனு. ஒண்ணு முடியப் போகுது."

"ஒரு வரிசையா?"

"ஒரு குச்சி."

வேலிக்கு அந்தப் பக்கம் வளையல் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை, திரும்பிப் பார்க்கவும் வழியில்லை. பிறகு, "ஓடி ஓடிப் பாருங்க மச்சான், நாள் நிக்காது" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். பிற்பகல் முழுக்க நாலு பேரும் பந்தலுக்கடியில் ஓடிக்கொண்டே வேலை பார்த்தார்கள். ஓடுகிறவன் அண்ணாந்து பார்த்தால் முன்னால் நிற்கிற கல்தூண் தெரியாது. சாயங்காலம் ஆளுக்கொரு நெற்றிப் புடைப்போடு உட்கார்ந்தார்கள். ஒச்சு முட்டியதில் கல்தூணுக்குத்தான் சேதாரம்.

அடுத்த நாள் ஒருவழியாகக் கிள்ளலாம் என்று கையை நீட்டினால் தவசி மறித்தான்.

"நோகாமக் கிள்ளச் சொன்னாரே?"

"மெதுவாக் கிள்ளுவோம்" என்றான் சுருளியப்பன்.

"மெதுவாக் கிள்ளுனா மெதுவா நோகும். ஒங்களுக்குக் காது குத்துறப்ப என்ன பண்ணாங்க?"

"மாமா மடியில உக்கார வச்சாங்க. வாயில கருப்பட்டியைக் குடுத்தாங்க. நான் கருப்பட்டியைச் சப்பிட்டு இருந்தப்பவே குத்திட்டாங்க."

"பாத்தீங்களா? பச்சப்புள்ளை மாதிரின்னு மாமாவே சொல்லியிருக்காரு."

இதில் மறுபேச்சுக்கு இடமே இல்லை. ஒச்சு ஊருக்குப் போய்க் கருப்பட்டி வாங்கிவந்தான். கொடியை மடியில் உட்காரவைக்க முடியாததால், ஒச்சு ஒவ்வொரு கொடியாகக் கட்டிப்பிடித்துக்கொண்டான். கருப்பட்டியைத் தண்ணீர் விட்டுக் குழைத்து அடித்தண்டிலும் குச்சியிலும் அப்பினார்கள். சுருளியப்பன் கிள்ளினான். தவசி பக்கத்தில் நின்று, "அவ்வளவுதான் சாமி, முடிஞ்சுருச்சு, முடிஞ்சுருச்சு" என்று கொடிக்கு ஆறுதல் சொன்னான். கொடி ஒன்றும் அழவில்லை. நாலு பேருக்கும் பெரிய திருப்தியாக இருந்தது.

கருப்பட்டி வாசனைக்குத் தோட்டத்துக் கட்டெறும்பு பூராவும் ஊர்வலமாக வந்தது. தண்டில் ஏறிப் பந்தலுக்குப் போய், அங்கிருந்து அண்ணாந்து நிற்கிறவர்களின் சட்டைக்குள் உதிர்ந்தது. அன்றைக்கு அவர்கள் பந்தலுக்கடியில் குதித்த குதியைப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்திலிருந்து பார்த்தவர்கள், கூத்தனோடையில் ஏதோ சாமியாட்டப் பழக்கம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பெரிய சிக்கல் அதற்கப்புறம்தான் வந்தது. கிள்ளிய துளிரைத் தரையில் போடக் கூடாது. கையில் வைத்துக்கொண்டார்கள், கை நிறைந்தது. மடியில் கட்டினார்கள், மடி நிறைந்தது. தலைப்பாகையில் செருகினார்கள். ஒச்சு வாயிலும் வைத்துக்கொண்டதால் அவனால் கருத்துச் சொல்ல முடியவில்லை. மொக்கராசு உட்கார்ந்து யோசித்தான்.

"தரைன்னா கீழ இருக்குறது. கீழ போடக் கூடாதுன்னா எங்க போடணும்?"

"மேல" என்றான் தவசி.

"அம்புட்டுத்தான்."

கிள்ளியதையெல்லாம் பந்தல் மேலே எறிந்தார்கள். கம்பிகள் தாங்கிக்கொண்டன. தரை சுத்தமாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கி எழுந்து மறுநாள் காலையில் வந்து அண்ணாந்து பார்த்தால், கிள்ளி முடித்த வரிசையில் துளிர் முன்னைவிட அடர்த்தியாக நிற்கிறது.

"நேத்து கிள்ளுனது பூராம் மறுபடி மொளைச்சிருச்சு!" என்று தவசி அலறினான்.

"நல்ல மண்ணு" என்றான் மொக்கராசு மரியாதையோடு.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். கிள்ளுவது இப்போது ரொம்ப எளிதாக இருந்தது, கையை வைத்தாலே துளிர் வந்துவிடும். எடுத்து எடுத்து மேலே எறிந்தார்கள். எறிந்த இடத்தில் உடனே முளைத்தது. ஒச்சு வேகமாக எடுத்துப் பார்த்தான், அதுவும் வேகமாக முளைத்தது. நாள் போய்க்கொண்டே இருந்தது. முதல் வரிசையைத் தாண்டவே முடியவில்லை. மிச்சத் தோட்டம் பூராவும் துளிரெல்லாம் தழைத்துக் கூரை மாதிரி மூடத் தொடங்கியிருந்தது.

சுருளியப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. வேலியோரம் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான்.

"பவுனு, உரக்கடைக்காரர் மகன் நல்லவனா?"

"எதுக்கு மச்சான் கேக்குறீங்க?"

"நல்லவனா இருந்தா பரவாயில்லை. நான் கிள்ளக் கிள்ள இது மொளைக்குது. மாமா சொன்னதுல ஒண்ணுகூட நான் தட்டலை. இருந்தும் ஒன்னை விட்டுருவேன் போலிருக்கு." சொல்லும்போதே அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவில்லை, யாரும் மறைக்கச் சொல்லவில்லை. வாய்விட்டு அழுதான்.

பவுனுத்தாய் முந்தானையை இழுத்துச் செருகினாள். "மச்சான், நான் இப்பத் திரும்பப் போறேன். கண்ணை மூடிக்கங்க" என்றாள். அவன் மூடிக்கொண்டான். அவள் இந்தப் பக்கம் பார்க்காமலே கையை நீட்டி, அவன் தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் முகத்தில் போட்டாள். வழக்கம் கெடவில்லை. அதன் பிறகு திரும்பி, பந்தலைப் பார்த்தாள். மேலே காய்ந்து கிடக்கிற துளிர்க் குவியலையும், தண்டில் வழிகிற கருப்பட்டியையும், வாயில் தழையோடு நிற்கிற ஒச்சுவையும் பார்த்தாள். கொஞ்ச நேரம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"நாளைக்குக் காலையில நாலு பேரும் மொகத்துல துண்டைப் போட்டுட்டு வேலியைப் பாத்து நில்லுங்க. துண்டை எடுக்காதீங்க. யார் வந்தாலும் உள்ள விடாதீங்க. எதுக்குன்னு கேக்காதீங்க" என்றாள்.

அவர்கள் கேட்கவில்லை. மறுநாள் விடிந்ததும் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு நாலு பேரும் வேலியோரம் வரிசையாக நின்றார்கள். பின்னால் பவுனுத்தாயும் அவளுடைய கூட்டாளிப் பெண்களும் ஓடைப் பக்கமாக வந்து தோட்டத்தில் இறங்கினார்கள். திராட்சைத் தோட்டத்திலேயே வளர்ந்த கைகள். சளசளவென்று பேசிக்கொண்டே பந்தல் மேல் கிடந்ததை இழுத்துப் போட்டு, வரிசை வரிசையாகக் கிள்ளிக்கொண்டு போனார்கள். முதுகுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டபோது சுருளியப்பனுக்கு மனசு ஏனோ லேசாக இருந்தது.

கடைசி வரிசை நடக்கும்போது பழனியிலிருந்து கருத்தக்கண்ணு வந்துவிட்டார். கையில் பஞ்சாமிர்த டப்பா.

"யாரது?" என்றான் ஒச்சு துண்டுக்குள்ளிருந்து.

"நான்தான்டா."

"நான்தான்னு யார் வேணாலும் சொல்லலாம். உள்ள விடக் கூடாது."

"டேய், தோட்டமே என்னுதுடா!"

"தோட்டக்காரரை விடலாம்னு யாரும் சொல்லலையே" என்று மொக்கராசு யோசித்தான். "யார் வந்தாலும்னா அதுல நீங்களும் அடக்கம்தான்."

கருத்தக்கண்ணு தள்ளிப் பார்த்தார். ஒச்சு அவரை அலுங்காமல் தூக்கி ரோட்டோரம் வைத்தான். மறுபடி வந்தார், மறுபடி வைத்தான். பஞ்சாமிர்தம் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அவர் போட்ட சத்தம் உள்ளே கேட்டு, பெண்கள் அவசரமாக வேலையை முடித்து, கிள்ளியதையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டு ஓடை வழியாக நழுவினார்கள். பவுனுத்தாய் சுற்றிக்கொண்டு ரோட்டுப் பக்கமாக ஒன்றும் தெரியாதவள் போல வந்து, முதுகைக் காட்டி நின்று, "மச்சான், அப்பாவை விடலாம்" என்றாள்.

கருத்தக்கண்ணு ஏதாவது குற்றம் அகப்படுமா என்று தேடிக்கொண்டே பந்தலுக்கடியில் போனார். குச்சிக்கு ரெண்டு துளிர், கொழுகொழுவென்று. இலைக்கு இடையில் வெயில் காசு காசாகத் தரையில் விழுந்தது. அவர் ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தார், விரல் ஒட்டிக்கொண்டது.

"தண்டுல இது என்னடா?"

"கருப்பட்டி மாமா. கொடி அழுகாம இருக்க."

வேர் அழுகாமல் இருக்க ஏதோ இயற்கை மருந்து என்று அவர் எடுத்துக்கொண்டார். "நாங்கூட இதைக் கேள்விப்பட்டதில்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டார். "இம்புட்டு வேலையும் யாருடா செஞ்சது?"

"தெரியாது மாமா. நான் துண்டுக்குள்ள இருந்தேன்" என்றான் சுருளியப்பன்.

இத்தனை செய்துவிட்டுத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளாத பிள்ளையைக் கருத்தக்கண்ணு அதுவரை பார்த்ததில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பஞ்சாமிர்தத்தை டப்பாவோடு அவன் கையில் கொடுத்தார். "ஆவணியில கல்யாணம்" என்றார்.

ஆவணி வந்தது. பந்தலிலிருந்து கறுத்த குலைகள் தலையில் இடிக்கிற மாதிரி தொங்கின. கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடுவதைப் பற்றி வெள்ளையம்மா பேச்செடுத்தபோது, "இத்தனை கல்லுக்கால் நிக்கிது, இன்னொண்ணு எதுக்கு? குழி தோண்டி வேரை வெட்டவா?" என்று கருத்தக்கண்ணு சொல்லிவிட்டார். பந்தக்கால் நடவில்லை, அதனால் மாப்பிள்ளை பட்டு வேட்டி, மாலை, முகத்தில் துண்டு என்று வந்து சேர்ந்தான். பையனுக்கு வெட்கம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

கூட்டம் நெருக்கியடித்தது. கருத்தக்கண்ணுக்கு உறவு அதிகம், திராட்சைக்காக வந்த உறவு அதைவிட அதிகம். அவருக்கு வேர்த்து ஊற்றியது. மேல்துண்டால் விசிறிக்கொண்டே மாப்பிள்ளைத் தோழர்களைக் கூப்பிட்டார். "ஏப்பா, பந்தலுக்குள்ள கூட்டம் சேந்து காத்தே வரலை. கொஞ்சம் கொறைச்சு விடுங்கப்பா."

மொக்கராசு, ஒச்சு, தவசி மூன்று பேர் முகமும் மலர்ந்துவிட்டது. காலையிலிருந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களுக்குத் தெரிந்த வேலை கிடைத்துவிட்டது.

"கொழுத்த ரெண்டை விட்டுட்டு மிச்சத்தை எடுத்துரணும்" என்றான் மொக்கராசு.

"நோகாம" என்றான் தவசி. சமையல்கட்டுக்குப் போய்க் கருப்பட்டி அள்ளிக்கொண்டு வந்தான்.

அதற்கப்புறம் வரிசையாக வேலை நடந்தது. தவசி ஒவ்வொருத்தர் வாயிலும் ஒரு துண்டு கருப்பட்டியைத் திணித்து, "அவ்வளவுதான் சாமி, முடிஞ்சுருச்சு" என்பான். அவர்கள் மென்றுகொண்டிருக்கும்போதே ஒச்சு தூக்கிக்கொண்டு போய்விடுவான். தரையில் போடக் கூடாது என்பதால் சிலரை டிராக்டர் மேலும், சிலரைத் தண்ணீர்த் தொட்டிச் சுவர் மேலும், மேளக்காரர்களை வைக்கோல்போர் மேலும் வைத்தான். வெள்ளையம்மா தாலித் தட்டோடு டிராக்டர் மேல் போய்ச் சேர்ந்தாள். பவுனுத்தாய் கொஞ்சம் மெல்லிசானவள். "மன்னிச்சுக்க தாயி, நீ கொழுக்கலை" என்று சொல்லி ஒச்சு அவளையும் அம்மா பக்கத்தில் ஏற்றிவிட்டான். சுருளியப்பனை யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்தபடியே தன் கையைத் தானே பிடித்துப் பார்த்துவிட்டு, "நான் நோஞ்சான்" என்று சொல்லித் தடவிக்கொண்டே அவனாக வெளியே போய்விட்டான்.

பந்தலுக்குள் மிஞ்சியவர்கள் ரெண்டு பேர். ஒருத்தர் கருத்தக்கண்ணு. இன்னொருத்தர் சமையல்காரர் பொன்னம்பலம், அவரும் நல்ல கனத்த ஆள். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மணவறை ஓரம் நின்றார்கள்.

"டேய், முகூர்த்தம் தப்புதுடா! பொண்ணு எங்கடா? மாப்ளே எங்கடா?" என்று கத்திக்கொண்டு கருத்தக்கண்ணு வெளியே வரப் பார்த்தார். ஒச்சு இடுப்போடு பிடித்துக்கொண்டான்.

"நீங்க வரக் கூடாது மாமா" என்றான் மொக்கராசு. "ஒங்களை விட்டு வச்சிருக்கோம்."

"மாமா, நீங்க கவலைப்படாதீங்க" என்று வெளியிலிருந்து சுருளியப்பன் குரல் கொடுத்தான். "நான் அடுத்த வருசத்துக்குள்ள கொழுத்துட்டு வர்றேன்."

பவுனுத்தாய் இதற்கு மேல் பொறுக்கவில்லை. தாலித் தட்டைப் பிடுங்கிக்கொண்டு டிராக்டரிலிருந்து குதித்தாள். "மச்சான், கையைக் குடுங்க. இந்தா தாலி, இந்தா கழுத்து. கட்டுங்க!" என்றாள். சொல்லிவிட்டாள், அவன் கட்டினான். துண்டுக்குள்ளிருந்தபடியே தடவித் தடவி மூன்று முடிச்சும் போட்டான். வைக்கோல்போர் மேலிருந்து மேளம் முழங்கியது. டிராக்டர் மேலிருந்து அட்சதை விழுந்தது. வாய் நிறையக் கருப்பட்டி இருந்ததால் யாராலும் வாழ்த்து மட்டும் சொல்ல முடியவில்லை.

"இப்பவாச்சும் துண்டை எடுங்க மச்சான்."

"மாட்டேன் பவுனு. பந்தக்கால் இன்னும் நடலை." "ஒன் மொகத்தைப் பாக்கணும்னு எனக்கு உசுரே கெடந்து அடிச்சுக்குது" என்றும் சொன்னான். ஆனால் துண்டை எடுக்கவில்லை. கூட்டம் கெஞ்சியது, வெள்ளையம்மா கெஞ்சினாள். சொன்ன சொல்லை அவன் தட்டவில்லை.

உள்ளேயிருந்து கருத்தக்கண்ணு தலையிலடித்துக்கொண்டார். "எதையாவது ஒண்ணை நட்டுத் தொலைங்கடா!"

ஒச்சு அவரை விட்டுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் நின்றது மூலைக்கல். அதன்மேல் சாயக் கூடாது என்று மாமா சொல்லியிருந்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதனால் கொஞ்சமும் சாயாமல், நிமிர்ந்து நின்று, கட்டிப்பிடித்து, ஒரே மூச்சில் பிடுங்கினான். தூக்கிக்கொண்டு போய் மாப்பிள்ளை பக்கத்தில் ஊன்றினான்.

"நட்டாச்சு" என்றான்.

சுருளியப்பன் துண்டை எடுத்தான். எதிரில் பவுனுத்தாயின் முகம் இருந்தது. கொஞ்சம் வேர்த்து, கொஞ்சம் கோபமாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு இருந்தது. இத்தனை நாள் காத்திருந்ததுக்கு அந்த முகம் தகும் என்று அவனுக்குத் தோன்றியது. அவளுக்குப் பின்னால் தோட்டத்துக் கம்பிகளெல்லாம் தளர்ந்து, பந்தல் குலைகளோடு மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. அதை அவன் கவனிக்கவில்லை.

கவனித்தது தவசிதான். இறங்கிய பந்தல் தோளளவில் நின்றது. இலைகளை விலக்கிக்கொண்டு மேலே ரெண்டு தலைகள் வந்தன, ஒன்று கருத்தக்கண்ணுடையது, இன்னொன்று சமையல்காரருடையது. ரெண்டும் வாயைத் திறந்து திறந்து மூடின.

"அண்ணே, பந்தல் மேல மறுபடி என்னமோ மொளைச்சிருக்கு."

மொக்கராசு நெற்றியில் கையை வைத்து நல்லா பார்த்தான். "எத்தனை?"

"ரெண்டு."

"கொழுத்ததா?"

"நல்லா கொழுத்தது."

"அப்பக் கிள்ளிறாத, அப்படியே விட்டுரு" என்று சொல்லிவிட்டு மொக்கராசு சாப்பிடப் போனான்.